வாக்கியத்தின் கடைசியில் ஒரு 'நா'



வங்கமொழியில் நான் முதலில் தவறாகப் புரிந்துகொண்டது ஓர் ஓரெழுத்துச் சொல்லை. பல ஆண்டுகளுக்கு முன்பு கல்கத்தாவில், லேக் மார்க்கெட் பக்கம், ஒரு வீட்டின் மாடியறையில் குடியிருந்தேன். கீழே இருந்த வீட்டுக்கார அம்மாவை எல்லோரும் மாஷிமா என்றுதான் அழைப்போம். நம் ஊரில் பெரியம்மா, சித்தி என்பது போல. ஒரு மாலை அவரிடம் என் பாட்டியின் கடைசி நாட்களைப் பற்றிச் சொல்லத் தொடங்கி, நடுவில் தொண்டை அடைக்க நிறுத்திவிட்டேன். மாஷிமா மெல்ல 'பொலோ நா' என்றார். 'நா' என்றால் மறுப்பு என்று பாடப்புத்தகத்தில் படித்திருந்தேன். சொல்ல வேண்டாம் என்கிறார் என்று நினைத்து எழுந்து போய்விட்டேன். அவர் கேட்டதோ, 'சொல்லேன்' என்று. 'பொலோ'வின் முதல் உயிரை வாய் திறந்து ஒலித்தால் கெஞ்சல். உதடு குவித்து ஒலித்தால் தடை, 'சொல்லாதே'. எழுத்தில் இரண்டுக்கும் ஓர் உயிர்க்குறிதான் வேறுபாடு.

தமிழர்களுக்கு இது அந்நியமான சங்கதி இல்லை. 'சொல்லேன்' என்பதையே எடுத்துக்கொள்ளுங்கள். பழந்தமிழில் அது 'நான் சொல்லமாட்டேன்'. இன்று நம் வீட்டுக் கூடத்தில் அதே சொல் 'கொஞ்சம் சொல்லு' என்ற கெஞ்சல். மறுப்புக்கும் ஆசைக்கும் இடையே ஏதோ ஒரு கள்ளவழி இருக்கிறது. அந்த வழியில் வங்கச் சிறுகதை எவ்வளவு தூரம் போயிருக்கிறது என்பதைத்தான் இன்று பேச வந்திருக்கிறேன்.

இலக்கணத்தை முதலில் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். வங்கமொழியில் மறுப்புக்கு நான்கு சொற்கள் முக்கியம். 'நா' பொதுவானது. 'நி' நடந்து முடியாததைச் சொல்வது: போகவில்லை, வரவில்லை, சாப்பிடவில்லை. 'நேஇ' இன்மையைச் சொல்வது: வீட்டில் ஆள் இல்லை, பானையில் அரிசி இல்லை. 'நொய்' அன்மையைச் சொல்வது: இது பாம்பு அல்ல, கயிறு. நம்முடைய 'இல்லை', 'அல்ல' இரண்டுக்கும் அங்கே நேரான சோடி உண்டு என்பதைக் கவனியுங்கள். 'அவர் ஆசிரியர்' என்று சொல்ல அவர்களுக்கும் நம்மைப் போலவே வினை தேவையில்லை, பெயரோடு பெயர் நின்றால் போதும். 'ஆசிரியர் அல்ல' என்று மறுக்கும்போதுதான் 'நொய்' வந்து நிற்கிறது. அது தன்மை, முன்னிலை, படர்க்கைக்கு ஏற்ப உருவமும் மாறும். நமக்கும் ஒரு காலத்தில் அல்லேன், அல்லை, அல்லன், அல்லள் என்று மாறியதுதான்.

இவை பெரும்பாலும் வினைக்குப் பிறகு வருகின்றன. இந்திக்காரர் மறுப்பை வினைக்கு முன்னால் வைக்கிறார். பக்கத்து அசாமியர் வினையின் தலையிலேயே ஒட்டிவிடுகிறார். வங்காளி வாக்கியம் முழுவதையும் சொல்லி முடித்து, வினையையும் சொல்லி, அதன் பிறகு மறுக்கிறார். 'அவள் அன்றைக்கு ஆற்றங்கரைக்கு வந்தாள்' என்ற படம் ஏறக்குறைய முழுதாக வாசகன் மனத்தில் எழும்பிய பின்னர்தான் அந்த ஓரெழுத்து வந்து அதைக் கலைக்கிறது. கலைத்தாலும் படம் எழுந்தது எழுந்ததுதான். வராதவள் ஒரு கணம் வந்துவிட்டுப் போகிறாள்.

நான் சொல்ல வந்தது இந்த ஒன்றுதான். வங்கச் சிறுகதையின் பெரிய எழுத்தாளர்கள் மறுப்பு வாக்கியத்தைத் தகவல் சொல்வதற்கு மட்டும் கையாளவில்லை. நடந்திருக்க வேண்டியது எது, இருந்திருக்க வேண்டியவர் யார் என்பதை வாசகன் கண்முன் நிறுத்த அதைக் கையாண்டார்கள். அந்த வாக்கியங்களைத் தனியே எடுத்துக் கோத்தால், நடக்காமல் போன ஒரு வங்காளம் தெரியும்.

ரவீந்திரநாதரின் 'ஜீபித ஓ ம்ருத' கதையை எடுத்துக்கொள்வோம். உயிருள்ளவளும் இறந்தவளும் என்று பொருள். 1892இல் வந்தது. ராணிஹாட் ஜமீன்தார் வீட்டில் ஒட்டிக்கொண்டிருக்கும் இளம் விதவை காதம்பினி. கணவன் இல்லை, பிள்ளை இல்லை. மைத்துனரின் சின்னப் பையன்தான் அவள் உயிர். ஒரு நாள் அவள் நெஞ்சு நின்றுவிட்டதாக நினைத்து இரவோடு இரவாகச் சுடுகாட்டுக்குத் தூக்கிப் போகிறார்கள். விறகு வரக் காத்திருக்கும் நேரத்தில் அவள் விழித்துக்கொள்கிறாள். தான் செத்துவிட்டதாக அவளே நம்புகிறாள். தோழி வீட்டுக்குப் போய் ஒண்டுகிறாள், அங்கேயும் ஒட்ட முடியவில்லை. கடைசியில் பையனைப் பார்க்கும் ஆசையில் ராணிஹாட்டுக்கே திரும்புகிறாள். காய்ச்சலில் கிடக்கும் பையன் அவளைப் பார்த்துப் பயப்படவில்லை. பெரியவர்கள் பயப்படுகிறார்கள். தான் சாகவில்லை என்று அவள் திரும்பத் திரும்பக் கத்துகிறாள். வெண்கலக் கிண்ணத்தால் நெற்றியில் அடித்துக்கொண்டு ரத்தத்தைக் காட்டுகிறாள். யாரும் நம்பவில்லை. அந்தப்புரத்துக் குளத்தில் போய் விழுகிறாள்.

கதை முடியும் வாக்கியம் வங்காளத்தில் பள்ளிப் பிள்ளைகளுக்கும் தெரியும். அதன் உடற்கட்டை மட்டும் சொல்கிறேன். அதில் 'மரி' என்ற வேர் இரண்டு முறை வருகிறது. முதல் முறை எச்சமாக, உடன்பாட்டில். இரண்டாம் முறை முற்றாக, மறுப்பில். செத்ததன் மூலம் அவள் எதை மெய்ப்பித்தாள் என்பது வாக்கியத்தின் கடைசிச் சொல்லில்தான் தெரிகிறது.

அந்தக் கடைசிச் சொல் 'நாஇ'. அந்தக் காலத்தில் ரவீந்திரர் எழுதியது சாது பாஷை, நம் செந்தமிழ் நடை போன்ற ஒன்று. பிற்காலப் பேச்சுநடையில் 'நேஇ' என்றும் 'நி' என்றும் பிரிந்துபோன இரண்டு வேலைகளையும் சாது பாஷையில் இந்த 'நாஇ' ஒன்றே செய்துவந்தது. 'சாகவில்லை' என்பதற்கும் 'நாஇ', 'ஆள் இல்லை' என்பதற்கும் 'நாஇ'. ஆகவே, அவள் சாகவில்லை என்று உறுதி சொல்லும் அந்த வாக்கியம் முடியும்போது நம் காதில் கடைசியாக நிற்பது 'இல்லை' என்ற ஒலி. இருந்தாள் என்று சாட்சி சொல்லும் வாக்கியம் இல்லை என்று முடிகிறது. அவள் வாயிலிருந்து தன்மையில் வந்தபோது ஒருவரும் ஏற்காத அதே மறுப்பைக் கதைசொல்லி படர்க்கையில் திருப்பிச் சொல்கிறார். அப்போது அவள் குளத்தில் கிடக்கிறாள்.

இந்த இடத்தில் தமிழுக்கு ஒரு கொடுப்பினை இருக்கிறது. ஆங்கிலத்தில் மறுப்புச் சொல் நடுவிலே மாட்டிக்கொள்ளும், வாக்கியம் சாவுச் சொல்லோடு முடியும். தமிழில் 'சாகவில்லை' என்று எழுதினால் 'இல்லை' அதற்குள்ளேயே உட்கார்ந்திருக்கிறது. மூலத்தில் ஒலிக்கும் அதே மணி, அதே இடத்தில். இன்றைய வங்கப் பேச்சுநடையில் 'மொரேநி' என்று எழுதினால்கூட அது போய்விடும்.

அதே ஆண்டில் வந்த 'காபூலிவாலா' பலருக்கும் தெரிந்த கதை. அதன் முதல் வாக்கியமே இரட்டை மறுப்பு. ஐந்து வயது மினிக்கு ஒரு நொடிகூடப் பேசாமல் இருக்க முடியாது என்கிறார் தகப்பனார். ஒரு 'நா' எச்சத்துக்கு முன்னால், ஒரு 'நா' முற்றுக்குப் பின்னால். இரண்டு மறுப்புகளுக்கு நடுவே ஒரு குழந்தை ஓயாமல் பேசிக்கொண்டிருக்கிறாள். 'மினி வாயாடி' என்று எழுதியிருந்தால் செய்தி வந்திருக்கும், அந்த மூச்சிரைப்பு வந்திராது. கதையின் பிற்பகுதியில் சிறையிலிருந்து வந்த காபூலிவாலா ரகமத் மார்புச் சட்டைக்குள்ளிருந்து ஓர் அழுக்குக் காகிதத்தை எடுத்து விரிக்கிறான். அதில் என்ன இருக்கிறது என்று சொல்லும்போது கதைசொல்லி ஒரு சிறு கை அச்சைக் காட்டிவிட்டு, உடனே இரண்டு மறுப்புகளை வைக்கிறார். நிழற்படம் அல்ல, எண்ணெய்ச் சித்திரம் அல்ல, கரி பூசிய பிஞ்சுக் கையை ஒற்றி எடுத்தது. கல்கத்தாவில் வசதியுள்ள தகப்பன் ஒருவன் தன் மகளை எப்படியெல்லாம் படமாக வைத்துக்கொள்வானோ, அவை இரண்டும் அந்த மறுப்புகளில் வந்து போகின்றன. காபூலிலிருந்து வந்த ஏழைத் தகப்பனுக்கு அவை இரண்டும் கிடையாது. வர்க்கம், தூரம், பாசம் மூன்றையும் இரண்டு 'அல்ல'வில் வைத்துவிட்டுக் கதை மேலே நடக்கிறது.

மறுப்புச் சொல்லே இல்லாமல் மறுப்பதும் ஒரு கலை. 1891இல் வந்த 'போஸ்ட்மாஸ்டர்' கதையில், உலாபுர் என்ற கிராமத்துக்கு வேலைக்கு வந்த நகரத்து இளைஞனுக்கு ரதன் என்ற அநாதைச் சிறுமி வேலை செய்துகொடுக்கிறாள். வேலையை விட்டு அவன் ஊர் திரும்பும்போது, தன்னையும் அழைத்துப் போகச் சொல்லிக் கேட்கிறாள். அவன் சிரித்துக்கொண்டே, அது எப்படி முடியும் என்கிறான். கேள்விதான், 'இல்லை' என்று அவன் சொல்லவில்லை. சொல்லாததால் அவள் இரவெல்லாம் அந்தச் சிரிப்பையே கேட்டுக்கொண்டு கிடக்கிறாள். மறுநாள் அவன் சம்பளப் பணத்தைக் கொடுக்க வரும்போது ரதன் காலில் விழுந்து பேசுவதெல்லாம் மறுப்புகள்: எதுவும் தர வேண்டாம், யாரும் தன்னைப் பற்றிக் கவலைப்பட வேண்டாம். கேட்டவள் அவள், மறுத்தவன் அவன். வாக்கியங்களில் மட்டும் எல்லா மறுப்பும் அவள் பக்கத்தில் வந்து சேர்கிறது.

படகில் போகும்போது அவனுக்குத் திரும்பிப் போகலாமா என்று தோன்றுகிறது. பாயில் காற்று பிடித்துவிட்டது, மழைக்காலத்து ஆறு இழுக்கிறது. உலகில் யார் யாருக்குச் சொந்தம் என்று ஒரு தத்துவத்தில் சாய்ந்துகொள்கிறான். அதுவும் கேள்வி உருவில் வரும் மறுப்பு. அடுத்த வரியில் ரதனின் மனத்தில் எந்தத் தத்துவமும் எழவில்லை என்று பச்சையான மறுப்பு. படித்தவனுக்கு வினாவடிவ மறுப்பு, படிக்காத பெண்ணுக்கு நேரடி மறுப்பு. அவள் தபாலாபீஸைச் சுற்றிச் சுற்றி அழுதுகொண்டு திரிகிறாள். இந்த இரண்டு வரிகளை அடுத்தடுத்து வைத்ததற்காகவே ரவீந்திரரை உலகத்தின் மிகச் சிறந்த சிறுகதை ஆசிரியர்களில் ஒருவராக நான் எண்ணுகிறேன்.

'சாஸ்தி' கதையின் சந்தராவைப் பற்றி ஒரு வார்த்தை. அண்ணன் செய்த கொலையை மனைவி தலையில் போட்டான் அவள் கணவன். மனைவி போனால் இன்னொருத்தி கிடைப்பாள், அண்ணன் போனால் கிடைக்கமாட்டான் என்பது அவன் கணக்கு. தூக்குக்கு முன் கணவன் பார்க்க விரும்புகிறான் என்று சொல்லும்போது சந்தரா 'மொரோண்' என்கிறாள். நேர்ப்பொருள் சாவு. வங்கப் பெண்கள் வாயில் அது வெறுப்பு, ஊடல், நாணம் எல்லாம் கலந்த வசைச்சொல். அதைவிடப் பெரிய 'முடியாது' அந்த மொழியில் இருப்பதாக எனக்குத் தெரியவில்லை.

1914இல் பிரமத சௌதுரி 'சபுஜ் பத்ர' இதழைத் தொடங்கிப் பேச்சுநடைக்காக வழக்காடினார். அந்த இதழில்தான் ரவீந்திரரின் 'ஸ்திரீர் பத்ர' வந்தது. புரியிலிருந்து கணவனுக்கு மிருணால் எழுதும் கடிதமே கதை. கல்கத்தாச் சந்து வீட்டுக்கு இனித் திரும்பமாட்டேன் என்கிறாள். பேச்சுநடை அச்சேறிய அந்தத் தொடக்க காலத்திலேயே ஒரு குடும்பப் பெண் வாயிலிருந்து எதிர்கால மறுப்பு கேட்கிறது. சாது பாஷையில் இருந்திருந்தால் அது சபதம் போல ஒலித்திருக்கும். பேச்சுநடையில் அது முடிவு.

இனி வீட்டுக்குள் போவோம். வங்காளத்துப் பழைய குடும்பங்களில் அரிசி தீர்ந்தால் 'நேஇ' என்று சொல்லமாட்டார்கள். 'சால் பாடொந்தோ' என்பார்கள். அரிசி வளர்ந்துகொண்டிருக்கிறது என்று பொருள். நம் பாட்டிமாரும் மஞ்சளோ உப்போ தீர்ந்தால் 'இல்லை' என்று சொல்லமாட்டார்கள், 'வாங்கணும்' என்பார்கள். விளக்கை அணை என்று சொல்லாமல் அமர்த்து என்பார்கள். வீட்டில் 'இல்லை' என்ற ஒலி கேட்டால் இல்லாமை வந்து குடியேறிவிடும் என்ற அச்சம் இரு மண்ணிலும் ஒன்றே. இந்த அச்சத்தை அறிந்தவருக்குத்தான், பஞ்சக் கதைகளில் ஒரு பெண் அடுக்களை வாசலில் நின்று மழுப்பாமல் 'நேஇ' என்று சொன்னால் அந்த வீட்டில் எது உடைந்தது என்று புரியும்.

1943 பஞ்சத்தில் சுமார் 30 லட்சம் பேர் மடிந்தார்கள் என்பது பரவலான கணக்கு. அதைப் பற்றி மாணிக் பந்தோபாத்யாய எழுதிய கதைகளில் ஒன்றின் தலைப்பே மறுப்பு: 'சினியே காய்நி கேனோ'. பிடுங்கித் தின்னவில்லை, ஏன் என்று கேட்கிறது. உணவுக் கடைகள் கண்முன்னால் இருந்தன, கிடங்குகள் இருந்தன, லட்சக்கணக்கில் மனிதர் இருந்தார்கள். ஏன் பிடுங்கித் தின்னாமல் செத்தார்கள்? ஒரு கொள்ளைக்காரன் வாயால் பதில் வருகிறது. நாள் கணக்கில் பட்டினி கிடந்த உடம்பிலிருந்து வலு மட்டும் போவதில்லை, பிடுங்க வேண்டும் என்ற நினைப்பும் போய்விடுகிறது. தலைப்பை இன்னொரு முறை பாருங்கள். முதல் சொல்லை எடுத்துவிட்டால் மிஞ்சுவது 'காய்நி கேனோ', தின்னவில்லை ஏன். தின்னாததால் பிடுங்கவில்லை, பிடுங்காததால் தின்னவில்லை. கேள்வியும் பதிலும் அந்த ஒரு 'நி'யில் சேர்ந்து கிடக்கின்றன. பஞ்சத்தைப் பற்றி அழுது எழுதியவர்கள் பலர். மாணிக் அழாமல் ஒரு மறுப்பு வினையைக் கையில் எடுத்துக்கொண்டு கடைசிவரை விசாரித்தார்.

நான் மிகவும் விரும்பும் இரண்டு கதைகளுக்கு வருகிறேன். இரண்டிலும் ஒரு செடி. இரண்டும் 1947 பிரிவினையின் கதைகள்.

சையத் வலியுல்லாவின் 'ஏக்டி துளசி காசேர் காஹினி', ஒரு துளசிச் செடியின் கதை. இந்துக் குடும்பம் ஒன்று விட்டுச் சென்ற பெரிய வீட்டில், கல்கத்தாவிலிருந்து வந்த முஸ்லிம் குமாஸ்தாக்கள் பூட்டை உடைத்துக் குடியேறுகிறார்கள். முற்றத்தின் ஓரத்தில் வாடிய துளசி ஒன்றைக் கண்டுபிடிக்கிறார்கள். பிடுங்கி எறி என்று ஒருவன் கத்துகிறான். யாரும் பிடுங்கவில்லை. சில நாளில் செடி பச்சை பிடிக்கிறது. யாரோ தண்ணீர் ஊற்றுகிறார்கள். யார் என்று ஒருவரும் ஒப்புக்கொள்ளவில்லை. மாலையில் அதன் அடியில் விளக்கேற்றிய வீட்டுக்காரி இப்போது எந்த ரயிலில் போகிறாளோ, எந்த ஊரில் இருக்கிறாளோ என்று ஒருவன் நினைத்துப் பார்க்கிறான். பின்னர் போலீஸ் வந்து அவர்களையும் வெளியேற்றுகிறது.

கதையின் நடுப்பகுதியில் உள்ள கருணையெல்லாம் மறுப்பாகத்தான் இருக்கிறது. பிடுங்கவில்லை, சொல்லவில்லை, ஒப்புக்கொள்ளவில்லை. அந்தச் சூழலில் கருணை அப்படித்தான் ஒளிந்து வாழ முடியும். முடிவில் அதே மறுப்பு திசை மாறுகிறது. போலீஸ் வந்த நாளிலிருந்து யாரும் செடிக்குத் தண்ணீர் ஊற்றவில்லை என்று ஒரு 'நி'. அந்தப் பெண்ணின் கலங்கிய கண்களை யாரும் நினைக்கவில்லை என்று இன்னொரு 'நி'. ஏன் நினைக்கவில்லை என்று மூன்றாவது. அந்தக் காரணம் துளசிக்குத் தெரிய வேண்டியது அல்ல என்று ஒரு 'நொய்'. அதன் பின்னால் மறுப்பே இல்லாத ஒரு சின்ன உடன்பாடு: அது மனிதர்களுக்குத் தெரிய வேண்டியது. நான்கு மறுப்புப் படிகளில் இறங்கி வந்து ஐந்தாவதில் கால் தரையில் படுகிறது. அங்கே நாம்தான் நிற்கிறோம்.

ஹசன் அசீசுல் ஹக்கின் 'ஆத்மஜா ஓ ஏக்டி கொரொபி காச்' கதையும் அதே திசைப் பயணம்தான். ஆசிரியரே மேற்கு வங்கத்து வர்த்தமானில் பிறந்து கிழக்கே குடியேறியவர். 1967இல் இதே தலைப்பில் தொகுப்பும் வந்தது. குளிர் இரவில் மூன்று இளைஞர்கள் ஊர்விட்டு வந்த ஒரு கிழவர் வீட்டுக்குப் போகிறார்கள். கிழவருக்குப் பணம் தருகிறார்கள். உள்ளே அவருடைய மகள் இருக்கிறாள். விலையாக நடப்பது என்னவென்று கதை பெயர் சொல்லவில்லை. கிழவர் பேசிக்கொண்டே இருக்கிறார். இங்கே வந்ததும் ஓர் அலரிச் செடி நட்டதாகச் சொல்கிறார். பூவுக்காக அல்ல, விதைக்காக என்கிறார். அலரி விதையில் நல்ல விஷம் கிடைக்கும். அந்த 'நொய்' விழும் கணம் வரை நாம் ஒரு முற்றத்தையும் செந்நிறப் பூவையும் கண்டுகொண்டிருந்தோம். ஊர்விட்டு வந்தவர் புது மண்ணில் செடி நட்டார் என்றால் வேர் பிடிக்க விரும்பினார் என்றுதானே எண்ணுவோம்? அந்த எண்ணம் முழுவதையும் எழவிட்டு ஓரசையில் மறுக்கிறார்.

இங்கே மொழிபெயர்ப்பாளர்களுக்கு ஒரு விண்ணப்பம். த. நா. குமாரசுவாமி, சு. கிருஷ்ணமூர்த்தி போன்றோர் வங்கமொழியை நேரடியாகக் கற்றுத் தமிழுக்குத் தந்தார்கள். இன்று பெரும்பாலும் ஆங்கிலம் வழியாக வருகிறது. வரும் வழியில் 'நேஇ'யும் 'நொய்'யும் கலந்து ஒன்றாகிவிடுகின்றன. தமிழிலும் நாம் 'அல்ல' இருக்க வேண்டிய இடமெல்லாம் 'இல்லை' போட்டுப் பழகிவிட்டோம். துளசிக் கதையின் முடிவை நான் தமிழாக்கியபோது 'அல்ல' என்றே எழுதினேன். அது கதைசொல்லியின் குரல், தீர்ப்புச் சொல்லும் குரல். அலரிக் கதையின் கிழவருக்கு 'இல்லே' என்று எழுதினேன். இருமிக்கொண்டு பேசுகிற கிழவர் 'அல்ல' என்று சொல்லமாட்டார். மூலத்தில் ஒரே சொல்லாக இருந்ததைத் தமிழில் இரண்டாக்கியது சரிதானா என்று என்னோடு சண்டை போட்டவர்கள் உண்டு. நான் இன்னும் அந்த முடிவில்தான் இருக்கிறேன்.

கடைசியாக, அந்த 'நாஇ' எங்கே போயிற்று? அச்சு நடையிலிருந்து அது மெல்ல மெல்லப் போனது. கிராமங்களிலும் கிழக்கு வங்கப் பேச்சிலும் அது போகவில்லை. 1978இல் வந்த 'அக்னிகர்ப' தொகுப்பில் மகாசுவேதா தேவியின் 'திரௌபதி' கதை இருக்கிறது. பிடிபட்ட சந்தால் பெண் தோப்தியை இரவெல்லாம் சிதைத்துவிட்டு, காலையில் துணியைக் கொடுத்து அதிகாரி சேனாநாயக்கின் முன்னால் வரச் சொல்கிறார்கள். அவள் துணியை உடுத்த மறுத்து அப்படியே வெயிலில் நடந்து வருகிறாள். வெட்கப்படுவதற்கு இங்கே ஆண்பிள்ளை எவனும் இல்லை என்கிறாள். அந்த 'இல்லை' அவள் வாயில் 'நாஇ' என்றுதான் வருகிறது. காதம்பினி நெற்றியில் ரத்தத்தோடு கத்தியபோது அவள் வாயிலிருந்ததும் இதே சொல். அங்கே வீட்டார் அவளைப் பிணம் என்று நினைத்து நடுங்கினார்கள். இங்கே கையில் ஆயுதம் இல்லாத ஒரு பெண்ணின் முன்னால், சேனாநாயக் தன் வாழ்வில் முதல்முறையாகப் பயந்து நிற்கிறான்.